பல் தெரிகிற படம்

முருகன் துணை.

என் வாயாடித் தங்கச்சி தெய்வானைக்கு, உன் அக்கா எழுதுவது.

நாளை மறுநாள் உனக்குத் தலைத்திவசம். இலைக்குச் சொல்லியாயிற்று, பூசாரிக்கும் சொல்லியாயிற்று. படையலுக்கு முன்னால் உன்னிடம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். உனக்குக் கற்பூரம் அணைத்துக் கொடுத்த சத்தியத்தை நான் மீறிவிட்டேன். களத்தில் எடுத்த அந்தப் படத்தைப் பெரிதாகப் போட்டு, கண்ணாடியும் சட்டமும் அடித்துக் கூடத்துச் சுவரில் மாட்டியாகிவிட்டது. நீ பல் தெரியச் சிரிக்கிற படம்.

திட்டுவாய் என்று தெரியும். முழுதாகக் கேட்டுவிட்டுத் திட்டு.

இதை வேறு யாராவது படித்தாலும் படிக்கட்டும். நீ என் கொழுந்தன் மாதையனின் பெண்சாதி, நான் அவன் அண்ணனின், அதாவது உன் மூத்தாரின், பெண்சாதி. இண்டூரில் ஒரே வீடு, ஒரே அடுப்பு. எட்டு வருஷத்தில் நாம் பேசாமல் இருந்தது மொத்தம் மூன்று நாள். அதுவும் நீ புளிக்குழம்பில் வெல்லம் போட்டதற்காக. இவ்வளவு தெரிந்தால் அவர்களுக்குப் போதும்.

நீ வாழ வருவதற்கு இரண்டு வருஷம் முன்னால் என் தம்பி பெங்களூரில் புதுக் கேமரா வாங்கினான். பழைய பெட்டிக் கேமராவை என்னிடம் கொடுத்தான். ஒரு பிலிமுக்குப் பன்னிரண்டு படம். நான் ஐந்தாவது வரை படித்தவள், கூட வந்த காகிதமோ இங்கிலீஷில் இருந்தது. அதில் இருந்த சூரியன் படத்தையும் மேகம் படத்தையும் பார்த்துப் புரிந்துகொண்டேன். முதல் பிலிமில் நான்கு பேருக்குத் தலை இல்லை. உன் மூத்தாருக்குக் கழுத்துக்குக் கீழேதான் வந்திருந்தது. "சட்ட நல்லா வந்துருக்கு" என்றார் அவர்.

அன்றிலிருந்து ஒரு நோட்டுப் போட்டேன். எத்தனையாவது படம், யார், என்ன நேரம், எந்தப் பக்கம், வந்ததா வரவில்லையா என்று ஒன்று விடாமல் எழுதினேன். வீட்டுச் செலவு நோட்டை எழுதுகிற அதே கையெழுத்துத்தான். எழுதி எழுதித்தான் தெரிந்துகொண்டேன். காலை ஏழரை மணிக்குப் புளியமரத்து நிழல் முகத்துக்கு நல்லது. மடியில் வெளுத்த வேட்டி ஒன்றை விரித்து, அது படத்தில் விழாமல் எடுத்தால், கண்ணுக்குக் கீழே இருக்கிற கருப்புப் போய்விடும். உடம்பு பெருத்தவர்களைத் தோளைத் திருப்பி உட்கார வைக்க வேண்டும். உன் மூத்தாருக்கு ஒரு கண் சிறிது. அந்தக் கண் கேமராப் பக்கம் வருகிற மாதிரி முகத்தைத் திருப்பினால் இரண்டும் ஒன்றாகத் தெரியும். இதெல்லாம் யாரும் சொல்லித் தரவில்லை.

வாய்தான் வசப்படவில்லை. சிரிங்க என்றால் விறைத்துக்கொள்வார்கள். சிரிக்காதீங்க என்றால் அடக்க முடியாமல் சிரித்துவிடுவார்கள். ஒரு கிருத்திகையன்று பூஜை முடித்து எழுந்தபோது ஒரு யோசனை வந்தது. கேமரா முன்னால் நிற்கிறவர்களை "ஓம்" என்று வாய்விட்டுச் சொல்லச் சொன்னேன். கடைசியில் உதடு மூடுகிற இடத்தில் பொத்தானை அமுக்கினேன். உதடு சேர்ந்திருக்கும், கன்னம் தளர்ந்திருக்கும், கண்ணில் ஒரு அமைதி வந்திருக்கும். சாமி பேர் சொன்ன மாதிரியும் ஆயிற்று. தெருவில் எனக்கு ஓம் அக்கா என்றே பேர் வைத்துவிட்டார்கள். நம் வீட்டில் உள்ள எல்லாப் படத்திலும் எல்லோருக்கும் ஒரே வாய். அது எனக்கு ரொம்ப நாள் பெருமையாக இருந்தது.

நீ அரூர்ப் பக்கத்திலிருந்து வந்தாய். வந்த நாளிலிருந்து முந்தானை உன் வாயில்தான் இருந்தது. முதலில் வெட்கம் என்று நினைத்தேன். கிணற்றடியில் அந்த மேலத்தெருக்காரி எல்லோர் முன்னாலும் சொன்னாளே, அன்றுதான் விளங்கியது.

"மாதையன் வூட்ல இனிமே தேங்காத் துருவி வாங்கத் தேவயில்ல போல."

நீயும் அவர்களோடு சேர்ந்து சிரித்தாய், முந்தானைக்குள்ளே. குடத்தைத் தூக்கிக்கொண்டு வரும்போது என்னிடம், "அக்கா, அந்தம்மாவுக்கு ஒரு தேங்கா குடுத்தனுப்பலாமா, நானே துருவித் தர்றேன்" என்றாய். வாயாடி. ஆனால் அன்று ராகிக் களியை நீ கரண்டி கூடத் தொடவில்லை. அதையும் கவனித்தேன்.

களத்துப் படம் எடுத்தது அந்த வருஷம்தான். ராகி அடிக்கப் போகிறோம் என்று களத்தைச் சாணி போட்டு மெழுகிக்கொண்டிருந்தோம். மாலை வெயில் நன்றாக இருந்தது. உன்னை நிற்க வைத்து, சட்டத்துக்குள் முழுசாக வர வேண்டுமே என்று நான் பின்னாலேயே போனேன். பின்னால் இருந்த வாளி தெரியவில்லை. ஒரு கால் சாணிக் கரைசலுக்குள் போய்விட்டது. நீ முந்தானையை மறந்தாய், வாயை மறந்தாய். நான் விழாமல் இருக்கக் கேமராவை இறுக்கிப் பிடித்தேன். பொத்தான் அமுங்கிவிட்டது.

நோட்டில் இப்படித்தான் எழுதியிருக்கிறேன்: ஒன்பது. தெய்வானை. களம். மாலை. சிரித்துவிட்டாள்.

படம் கழுவி வந்த அன்று அடுப்படியில் நீ கேட்டது வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருக்கிறது.

"இத யாருகிட்டக் காட்டுனீங்க?"

"யாருகிட்டயும் இல்ல. எங்க வூட்டுக்காரருகூடப் பாக்கல."

"குதிர மாதிரி இருக்கறேன்."

"சிரிச்சா எல்லாரும் அப்பிடித்தான் இருப்பாங்க."

"நீங்க அப்பிடியா இருக்கறீங்க? சும்மா சொல்லாதீங்க்கா."

நான்காகக் கிழித்து அடுப்பில் போட்டாய். அப்புறம் பிலிமைக் கேட்டாய். நான் சரியாகச் சுற்றாததால் ஒன்பதாவது படமும் பத்தாவது படமும் ஓரத்தில் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருந்தது. பத்தாவதில் இருந்தது நம் மாமியார். கத்தரித்தால் அவருடைய தோள் போய்விடும். மாமியாரை அடுப்பில் போட உனக்கும் தைரியம் வரவில்லை. அதனால் சத்தியம் கேட்டாய். தட்டில் கற்பூரம் ஏற்றினாய். "இத எந்தக் காலத்துலயும் யாருக்கும் போட்டுத் தர மாட்டேன்" என்று சொல்லி, உள்ளங்கையால் அணைத்தேன். விளையாட்டுக்குச் செய்யவில்லை. கற்பூரச் சத்தியம் என்ன என்பது எனக்குத் தெரியும்.

அதற்கப்புறம் நீ கேமரா முன்னால் கெட்டிக்காரியாகிவிட்டாய். நான் சொல்வதற்கு முன்பே ஓம் சொல்லி நிற்பாய். நோட்டைப் பார்த்து எண்ணினேன். உன்னை எடுத்தது மொத்தம் இருபத்து மூன்று படம். இருபத்திரண்டில் வாய் மூடியிருக்கிறது. ஒவ்வொன்றையும் கையில் வாங்கி, "இது நானாக்கா?" என்று கேட்பாய். சந்தோஷமாகத்தான் கேட்டாய். நானும் சந்தோஷமாகத்தான் "நீதான்" என்றேன்.

போன தையில் மஞ்சள் காமாலை வந்து எட்டே நாளில் நீ போனதைப் பற்றி உனக்கு நான் என்ன எழுதுவது. உனக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாது.

பதினாறாம் நாளுக்குச் சுவரில் படம் வேண்டும் என்றார்கள். இருக்கிறதிலேயே நன்றாக வந்தது என்று ஆயுத பூஜைப் படத்தைத் தருமபுரிக்குக் கொடுத்தனுப்பினேன். ஸ்டுடியோக்காரர் தன் பங்குக்கு டச்சிங் செய்திருந்தார். நிறத்தை ஏற்றி, மூக்கைக் கூராக்கி, உதட்டோரத்தில் கொஞ்சம் சிரிப்பும் வரைந்திருந்தார். வந்தவர்கள் எல்லோரும் மகாலட்சுமி மாதிரி இருக்கிறது என்றார்கள். உன் மகள் செல்விக்கு அப்போது ஐந்து முடிந்திருந்தது. பூவைக் கையில் கொடுத்து அம்மாவுக்கு வை என்றேன்.

"பெரிம்மா, இது யாரு?"

"அம்மாதான் கண்ணு."

"அம்மா இப்பிடி இருக்காது."

"வேற எப்பிடி இருக்கும்?"

செல்வி இரண்டு கையாலும் தன் உதட்டை மேலும் கீழும் விரித்து, ஈ என்று பல்லைக் காட்டினாள். கூடத்தில் இருபது பேர் இருந்தார்கள். உன் அம்மா எழுந்து வெளியே போய்விட்டார். செல்வி பூவைக் கீழே வைத்துவிட்டு ஆட்டுக்குட்டியிடம் போய்விட்டாள்.

எனக்கு அன்றே ஒன்பதாவது படம் நினைவுக்கு வந்தது. சத்தியமும் வந்தது. நானாக முடிவு செய்யக் கூடாது என்று நம் முருகன் கோயிலில் பூக் கேட்டேன். பூசாரி செவ்வரளி ஒன்றையும் நந்தியாவட்டை ஒன்றையும் தனித்தனியாக இலையில் மடித்து, சாமி காலடியில் குலுக்கிப் போட்டார். சிவப்பு வந்தால் என் பேச்சு, வெள்ளை வந்தால் உன் பேச்சு என்று மனதில் வைத்துக்கொண்டேன். செல்வியை எடுக்கச் சொன்னேன். வெள்ளை வந்தது.

"சாமி வேண்டாங்குது தாயி, எதுவா இருந்தாலும் உட்டுருங்க" என்றார் பூசாரி. விட்டுவிட்டேன். பிலிமை நோட்டுக்குள் வைத்து, நோட்டைப் பெட்டிக்குள் வைத்தேன். உன் பேச்சே நின்றது. இதை நீ மறக்கக் கூடாது.

ஆடியில் செல்விக்கு முன்பல் விழுந்தது. ஐப்பசியில் புதுப்பல் இரண்டு முளைத்தது. அகலமாக, முன்னால் வந்து. உன் பல், தெய்வானை. உன் பல்லேதான். அந்த மேலத்தெருக்காரி பார்த்துவிட்டு, "ஆத்தா போயிட்டாலும் பல்ல உட்டுட்டுப் போயிருக்கறா" என்றாள். அவள் கெட்டவள் இல்லை. வாய் அப்படி. செல்வி என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள்.

அன்றிலிருந்து அவளுக்குக் கை வாய்க்குப் போக ஆரம்பித்தது. சிரித்தால் கை. பேசினால் கை. பள்ளிக்கூடத்தில் பாட்டுச் சொல்லச் சொன்னால் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாள் என்று டீச்சர் சொல்லி அனுப்பினார். நான் இதையும் பொறுத்துக்கொண்டிருப்பேன். பிள்ளைகள் பழக்கம், மாறிவிடும் என்று. ஆனால் ஒருநாள் காலையில் கூடத்தில் ஒரு குரல் கேட்டது. எட்டிப் பார்த்தேன். உன் படத்துக்கு நேராக நின்றுகொண்டு, மாதையன் சவரம் செய்கிற கண்ணாடியைக் கையில் பிடித்திருந்தாள். படத்தைப் பார்ப்பதும் கண்ணாடியைப் பார்ப்பதும் உதட்டை அழுத்துவதுமாக.

"ஓம்... ஓம்... ஓம்ம்..."

"என்னாடி பண்ற?"

"அழகா ஆயிட்டு இருக்கறேன் பெரிம்மா. அம்மா மாதிரி."

நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். அரிசியில் கல் பொறுக்கினேன். பொறுக்கிய அரிசியையே மறுபடியும் பொறுக்கினேன்.

வாயை மூடினால் அழகு என்று இந்த வீட்டில் யார் சொல்லிக் கொடுத்தது? மேலத்தெருக்காரி பல் பெரிது என்றுதான் சொன்னாள். மூடு என்று எட்டு வருஷம் சொன்னது யார்? சாமி பேரை அதற்குத் துணைக்கு வைத்தது யார்? நீ ஒவ்வொரு படத்தையும் பார்த்து இது நானா என்று கேட்டாயே, அதை நான் சரியாகக் கேட்டேனா?

பூவைப் பற்றியும் யோசித்தேன். நான் சாமியிடம் கேட்டது சுவரில் எந்தப் படம் என்பதைத்தான், செல்வியின் வாயைப் பற்றி இல்லை. அதற்கு வெள்ளை வந்தது, ஒப்புக்கொள்கிறேன். இன்னொரு தடவை பூக் கேட்கப் போகவில்லை. மறுபடியும் வெள்ளை வந்துவிடும் என்று பயமாக இருந்தது. வந்தாலும் நான் செய்யத்தான் போகிறேன் என்பதும் தெரிந்தது. அப்படி இருக்கும்போது சாமியைக் கேட்பது மரியாதை இல்லை.

கார்த்திகையில் பஸ் ஏறித் தருமபுரிக்குப் போனேன். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் அதே ஸ்டுடியோதான். பிலிமை நோட்டுக்குள் வைத்து, நோட்டை மடியில் வைத்துக்கொண்டு போனேன். அவர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு அடுத்த வாரம் வாங்க என்றார். அடுத்த வாரம் போனால் படம் தயாராக இருந்தது. நீ களத்தில் நிற்கிறாய். சேலை நன்றாக விழுந்திருக்கிறது. வெயில் கன்னத்தில் அழகாக இருக்கிறது. வாய் மூடியிருக்கிறது.

"என்னங்க இது?"

"பல்லு தெரிஞ்சதும்மா. தூரிகையில மூடி உட்டுட்டேன். பாத்தா தெரியாது. இதுக்குத் தனியாக் காசு வேண்டாம்."

"நான் மூடச் சொன்னனா?"

"சொல்லத் தேவையில்லீங்களே. காலமானவங்க படம். மாலை போட்டுக் கும்புடற படத்துல பல்லக் காட்டிட்டு இருந்தா நல்லாவா இருக்கும்?"

"நெகட்டிவ்ல கை வெச்சீங்களா?"

"இல்ல, பிரிண்டுலதான்."

நெகட்டிவில் பென்சில் பட்டிருந்தால் அந்தச் சிரிப்பு அத்தோடு போயிருக்கும். இன்னொன்று போடுங்கள், நாளைக்கே வருகிறேன் என்றேன். அவருக்குக் கோபம்.

"இத்தன வருசமா எங்கிட்டப் படம் கழுவறீங்க. நீங்களே வாய மூட வெச்சுத்தான எடுப்பீங்க? ஒரு படத்துலயாச்சும் பல்லு உண்டா? உங்க பழக்கந்தான்னு நெனச்சுத்தான் நானும் செஞ்சேன்."

அவர் சொன்னது சரிதான்.

"இந்த ஒண்ணு மட்டும் இருக்கறபடியே வேணுங்க" என்றேன்.

"நாளைக்கு அந்தம்மா வூட்டுக்காரரு வந்து சண்டைக்கு நிக்கக் கூடாது."

"நின்னா நான் பேசிக்கறேன்."

மறுநாளே போட்டுத் தந்தார். ஒரு கீறல் கூட டச்சிங் இல்லை. பக்கத்துப் படத்திலிருந்த மாமியாரின் தோள் மட்டும் ஓரத்தில் நிழலாக விழுந்திருந்தது. அதைக் கத்தரித்துச் சட்டம் அடித்தார்.

மாதையனிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. அவன் காட்டிலிருந்து வந்தபோது பழைய படம் இறங்கி, இது ஏறியிருந்தது. மண்வெட்டியைத் தோளில் வைத்தபடியே பார்த்தான். மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனான். திரும்பி வந்து மறுபடியும் பார்த்தான்.

"ஏன் அண்ணி, இது எப்ப எடுத்தது?"

"கல்யாணமான வருசம். களத்துல."

"எனக்குக் காட்டவே இல்லியே."

"அவ காட்டக்கூடாதுன்னா."

"இவளத்தான் அண்ணி நான் கட்டுனது" என்றான். "அது யாரோ."

அவ்வளவுதான் பேசினான். அவன் எப்போதும் அவ்வளவுதான். நீ உயிரோடு இருக்கும்போது உன் பல்லைப் பற்றி அவன் ஏதாவது சொன்னானா, சொல்லாமலே இருந்துவிட்டானா? சொல்லியிருந்தால் நீ என்னிடம் சத்தியம் கேட்டிருப்பாயா? எனக்குத் தெரியவில்லை.

செல்வி பள்ளிக்கூடம் விட்டு வந்தாள். பையைக் கழற்றாமல் நின்று பார்த்தாள். இது யார் என்று கேட்கவில்லை.

"அம்மா எதுக்குச் சிரிக்குது?"

"உங்க பெரிம்மா சாணி வாளிக்குள்ள கால உட்டுட்டா. அதுக்கு."

"நெசமாவா?"

"முழங்கால் வரைக்கும்."

சிரித்தாள். கை பாதி தூரம் மேலே வந்தது. அதற்குள் இன்னொரு கேள்வி வந்துவிட்டது, எந்தக் கால் என்று. கை கீழே இறங்கிவிட்டது. ஒரே நாளில் எல்லாம் மாறிவிட்டது என்று உனக்குப் பொய் எழுத மாட்டேன். வெளியாட்கள் முன்னால் இன்னும் கை போகிறது. வீட்டுக்குள் போவதில்லை. பாட்டுச் சொல்கிறாள் என்று போன வாரம் டீச்சர் சொன்னார். ஒரு வரிதான், ஆனாலும் வாயைத் திறந்து.

ஊர்ச் சேதி கொஞ்சம். பஞ்சாயத்து டிவி வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை உன் மூத்தாரை வீட்டில் பார்க்க முடிவதில்லை. நிலக்கடலை இந்த வருஷம் பரவாயில்லை. மேலத்தெருக்காரி வந்து உன் படத்தை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "பேசற மாதிரியே இருக்கறா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் மோர் கொடுத்தேன். வேறென்ன செய்வது.

சத்தியத்தை மீறியதைப் பூசாரியிடம் சொன்னேன். ஒரு வருஷம் கிருத்திகை தோறும் தண்ணீர் மட்டும் குடித்து விரதம் இருக்கச் சொன்னார். இருக்கிறேன். அது சாமிக்கு. உனக்குத் தனியாக நான் பதில் சொல்ல வேண்டும். நீ மறைக்கச் சொன்னதை ஊர் பார்க்க மாட்டினேன். உன் பிள்ளைக்காகத்தான் என்று சொன்னாலும், நீ கேட்டது ஒன்றுதான், அதையும் நான் காப்பாற்றவில்லை. அந்தத் தோஷம் இருந்தால் என் தலையோடு போகட்டும். செல்வி பக்கம் வரக் கூடாது என்று உன்னிடமும் கேட்கிறேன், முருகனிடமும் கேட்கிறேன்.

இன்னும் பன்னிரண்டு, பதின்மூன்று வருஷத்தில் அவளைக் கேட்டு ஆள் வருவார்கள். முதலில் போட்டோ அனுப்புங்கள் என்பார்கள். அப்போது நான் இருந்தால் நானே எடுப்பேன். காலை வெயிலில், அவள் எப்படி நிற்கிறாளோ அப்படி. பல் தெரிகிற படம்தான் இந்த வீட்டிலிருந்து போகும். அதைப் பார்த்துவிட்டு வருகிறவன் வரட்டும். இதற்குக் கற்பூரம் ஏற்றவில்லை. ஒரு தடவை அணைத்துவிட்டு மீறிய கை என்பதால் வெறும் வாயால்தான் சொல்கிறேன். நம்பு.

இப்படிக்கு,
உன் ஓரகத்தி, நீ அக்கா என்று கூப்பிட்டவள்,
செல்விக்குப் பெரியம்மா.